டைமர் வேலையை இந்த முறை வேறொருவரிடம் கொடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் உடுமலைப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம், அப்புறம் பாலிடெக்னிக். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் பேச எழுந்தால் தொண்டை அடைத்துவிடும். ஒரு நண்பர் சொன்னாரே என்று, உறுப்பினர்கள் கூடி மேடையில் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். ஐஸ் பிரேக்கர் என்ற முதல் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதியில் எல்லாம் மறந்துபோய் அப்படியே நின்றேன். எப்படியோ முடித்து உட்கார்ந்த பிறகு ஆ கவுண்டராக இருந்தவர், நான் 21 முறை 'ஆ', 'ம்' என்று இழுத்ததாக அறிவித்தார். பேச்சை மதிப்பிடும் எவால்யுவேட்டர் என் இலக்கணப் பிழைகளை வரிசையாகப் படித்தார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு நாலு மாதமாக, மற்றவர்கள் பேசும் நேரத்தைக் கணக்கிடும் டைமர் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதில் நிம்மதியாக இருக்கிறது. வருகிற ஏப்ரலில் சந்தா கட்ட வேண்டும். இது இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்கான இடமோ என்று தோன்றுகிறது. போதாததற்கு, "சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். என்னிடம் இருப்பது அப்பாவின் குடியும் அதனால் நாங்கள் பட்ட பாடும்தான். அதை மேடையில் சொல்வதா? தொடரலாமா, விட்டுவிடலாமா?
பெயர் வேண்டாம், கோவை

பதில்: வணக்கம். சந்தாவைக் கட்டுங்கள். ஆனால் அடுத்த ஆறு மாதமும் டைமராகவே உட்காரப் போகிறீர்கள் என்றால் கட்ட வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பலன் இருக்காது.

நான் மனநல ஆலோசகர். பயத்தோடு வருகிறவர்களைப் பார்ப்பது என் தொழில். அதோடு பல வருடங்களாக இப்படி ஒரு கிளப்பில் உறுப்பினராகவும் இருக்கிறேன், அதனால் உங்கள் கடிதத்தில் வருகிற ஒவ்வொரு நாற்காலியும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "அதில் நிம்மதியாக இருக்கிறது" என்பதுதான். 21 'ஆ'வை விட, இலக்கணப் பிழைகளை விட, எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதி. ஏன் என்று சொல்கிறேன். மேடை ஏற வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது, வாய் வறண்டு போகிறது. உடம்பு ஏதோ ஆபத்து வருகிறது என்று எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது, அவ்வளவுதான். இந்தப் படபடப்பு ஒரு உச்சத்துக்குப் போய்விட்டு, நாம் அங்கேயே நின்றால், தானாகவே இறங்கும். இறங்கும் வரை நின்ற அனுபவம் சில முறை கிடைத்தால் அடுத்த முறை அது அவ்வளவு உயரம் போகாது. பயத்துக்கான சிகிச்சைகளில் நன்றாக நிரூபணமான வழி இதுதான், பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக, திரும்பத் திரும்பச் சந்திப்பது. ஆனால் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே "இன்னைக்கு நான் டைமர் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் உடனே ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், மூளை அந்த நிம்மதியைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறது. மேடை ஆபத்தான இடம், தப்பித்தது நல்லதாகப் போயிற்று என்று எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் குறிப்பு இன்னும் அழுத்தமாகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் இருந்ததை விட இன்று உங்களுக்குப் பயம் கூடியிருந்தால் அதற்குக் காரணம் அந்த முதல் பேச்சு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வந்த இந்த நிம்மதியான நாலு மாதமும்தான்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். டைமர் என்ன செய்கிறார்? கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று, நாலு முதல் ஆறு நிமிடப் பேச்சுக்கு நாலில் பச்சை அட்டை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு என்று எல்லாருக்கும் விளக்குகிறார். முடிவில் மறுபடி எழுந்து யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அறிக்கை வாசிக்கிறார். அதே ஆட்கள், அதே அறை, அதே ஆங்கிலம். நாலு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு முறை எழுந்து நின்று பேசியிருக்கிறீர்கள், உங்கள் தொண்டை அடைக்கவில்லை. ஏன் அடைக்கவில்லை? அப்போது உங்கள் கவனம் பச்சை, மஞ்சள், சிவப்பு மீது இருந்தது, அதைக் கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்பதில் இருந்தது. "நான் எப்படித் தெரிகிறேன்" என்பதில் இல்லை. ஆகவே கூட்டத்தின் முன்னால் பேசத் தெரியாதவர் என்று உங்களைப் பற்றி நீங்கள் நினைப்பது சரியில்லை. உங்களைப் பற்றிய பேச்சு என்று வரும்போது கவனம் உள்ளே திரும்பிவிடுகிறது. திருத்த வேண்டிய இடம் அது ஒன்றுதான், அது திருத்தக்கூடிய இடமும்கூட.

மறந்துபோய் நின்ற அந்தச் சில நொடிகளைப் பற்றி. உங்களுக்கு அது ஒரு யுகம் மாதிரி இருந்திருக்கும். கேட்டவர்களுக்கு அப்படி இருக்கவே இருக்காது, இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட டி-சர்ட் ஒன்றைப் போடச் சொல்லி, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அதே கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003-ல் மேடைப் பேச்சை வைத்தே ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பேசுகிறவர் தன் நடுக்கம் அப்படியே வெளியே தெரிகிறது என்று நினைக்கிறார், கேட்கிறவர்களுக்கோ அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே சிலருக்கு எடுத்துச் சொன்னபோது, அவர்கள் பேச்சு மற்றவர்களுடையதை விட நன்றாகவும் அமைந்தது. அதனால்தான் உங்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். உள்ளே நடக்கிற பூகம்பம் பின் வரிசைக்குத் தெரியாது.

இப்போது அந்த எவால்யுவேட்டர். கடிதத்தில் அவரைப் பற்றி எழுதும்போது ஏதோ பரீட்சைத் தாள் திருத்திய வாத்தியாரைப் பற்றி எழுதுகிற தொனி இருக்கிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸில் வாத்தியார் கிடையாது. 1924 அக்டோபர் 22-ம் தேதி, கலிஃபோர்னியாவில் சாந்தா அனா என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் முதல் கிளப் கூட்டத்தை நடத்தினார். இளைஞர்களுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசவும் கூட்டம் நடத்தவும் பழக்கம் வேண்டும், அதற்குப் பாடம் எடுத்துப் பயனில்லை, அவர்களே மாறி மாறிப் பேசி, அவர்களே ஒருவர் பேச்சைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்லிப் பழகட்டும் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. நூறு வருடம் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை. எனவே அன்று உங்களை மதிப்பிட்டவரும் உங்களைப் போல ஒரு உறுப்பினர். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒருவர் பேச்சை மதிப்பிட்டுச் சொல்வது எப்படி என்று அவரும் அன்றைக்குப் பழகிக்கொண்டிருந்தார். என் கருத்தில் அவர் அதைச் சரியாகச் செய்யவில்லை. முதல் பேச்சு பேசுகிறவரிடம் இலக்கணப் பட்டியல் வாசிப்பது தவறு. முதல் பேச்சுக்குச் சொல்ல வேண்டியது, எது கேட்கிறவர் மனதில் நின்றது, அடுத்த முறை மாற்றிப் பார்க்க ஒரே ஒரு விஷயம், அவ்வளவு போதும். அவர் அன்று கொடுத்தது ஒரு தனி மனிதரின் கருத்து, அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த முறை இதைத் தற்செயலுக்கு விடாதீர்கள். யார் உங்கள் எவால்யுவேட்டர் என்பது கூட்டத்துக்குச் சில நாள் முன்பே தெரிந்துவிடும். அவருக்கு ஒரு போன் போடுங்கள். "சார், போன தடவை நடுவுல மறந்து நின்னுட்டேன். இந்தத் தடவை குறிப்பு வச்சுக்கிட்டுப் பேசப் போறேன், நான் ஆட்களைப் பார்த்துப் பேசறேனா, சொல்ல வந்தது புரியுதான்னு மட்டும் பாருங்க. கிராமர் இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நல்ல எவால்யுவேட்டர் அவராகவே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

ஆ கவுண்டர் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் குறைப்பதை இப்போது குறிக்கோளாக வைக்காதீர்கள். 'ஆ' போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பேசினால் கவனம் மறுபடி உள்ளேதான் திரும்பும். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு விடுங்கள். அந்த இடைவெளியில் இருந்ததுதான் முன்பு 'ஆ'வாக வந்துகொண்டிருந்தது, மூச்சு விடப் பழகினால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்கான இடமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நம் ஊர் கிளப்புகளில் ஐ.டி. ஆட்களும் கான்வென்ட் படிப்பும் அதிகம், அவர்கள் சிரிக்கிற நகைச்சுவைக்கு நமக்குச் சிரிப்பு வராது, தனியாகப் போய் நின்ற மாதிரி இருக்கும். ஆனால் இந்த இடம் யாருக்கானது என்ற கோடு பல முறை அழிக்கப்பட்டிருக்கிறது. ஆரம்பத்தில் இது ஆண்களுக்கு மட்டும் என்று இருந்த அமைப்பு, 1973-ல்தான் பெண்களை முறைப்படி சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1970-ல், ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண்ணை ஹோமர் என்ற ஆண் பெயரில் பதிவு செய்து ஒரு கிளப் சேர்த்துக்கொண்டது. அதே ஹெலன்தான் 1985-ல் அந்த உலக அமைப்பின் முதல் பெண் தலைவரானார். 2014-ல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் வென்ற தனஞ்ஜய ஹெட்டியாராச்சி இலங்கைக்காரர். அதற்கு அடுத்த வருடம் வென்ற முகமது கஹ்தானி சவூதி அரேபியாவைச் சேர்ந்தவர், சின்ன வயதில் திக்குவாய் இருந்தவர். இவர்களைப் போல ஆகுங்கள் என்று சொல்ல வரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தபோது இவர்களுக்கும் "இது நமக்கான இடமா" என்ற கேள்வி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதுதான். பேச்சை எழுத வேண்டாம். முதலில் வீட்டில், மனைவியிடமோ நண்பரிடமோ, நடந்ததைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். கேட்கிறவர் எங்கே "அப்புறம்?" என்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பேச்சின் உயிர் அங்கே இருக்கிறது. அதன் பிறகு அதே கதையை உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், நாலைந்து தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு தரமும் வார்த்தைகள் கொஞ்சம் மாறும், மாறட்டும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும். முழுக்க மனப்பாடம் செய்வதில் உள்ள ஆபத்து உங்களுக்கே தெரியும், ஒரு வார்த்தை நழுவினால் பின்னால் வருகிறது எல்லாமே போய்விடும். கதையாகத் தெரிந்து வைத்திருந்தால் வார்த்தை போனாலும் நடந்த சம்பவம் போகாது.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றும் இதில் குறுக்கே வருகிறது. பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் வாத்தியார் எழுதித் தந்ததை மூச்சு விடாமல் ஒப்பிப்பதுதான். மேடைப் பேச்சு என்றால் நமக்குக் காதில் ஒலிப்பது அடுக்குமொழி. அந்த மரபு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஒரு பட்டிமன்றத்தை முழு இரவும் உட்கார்ந்து கேட்பவள் நான். ஆனால் அதுதான் பேச்சு என்று மனதில் பதிந்துவிட்டதால், சாதாரணமாகப் பேசினால் அது பேச்சே இல்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கிளப்பில் கேட்பது நாலு பேரிடம் டீக்கடையில் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவது. உங்கள் ரிவ்யூ மீட்டிங்கிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

தமிழிலேயே நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகளும் இருக்கின்றன, தமிழும் ஆங்கிலமும் கலந்து நடத்துகிறவையும் உண்டு. பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு தடவை அங்கேயும் விருந்தினராகப் போய் வாருங்கள். தமிழில் கிடைக்கிற மேடைத் தைரியம் ஆங்கிலத்துக்கும் வந்து சேரும், பயம் மொழியைப் பார்த்து வருவதில்லை. ஆனால் ஆங்கிலக் கிளப்பை விட்டுவிட்டு அங்கே போய் ஒளிந்துகொள்ள வேண்டாம், உங்கள் மீட்டிங் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்றால் பழக்கமும் அதில் வேண்டும்.

அடுத்து, அப்பாவின் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கிளப்புகளில் இதைப் பற்றி யோசிக்காமல் பேசிவிடுகிறார்கள். "மனசைத் திறந்து பேசுங்க, அப்பதான் ஆடியன்ஸ் கனெக்ட் ஆவாங்க" என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை. போட்டிகளில் ஜெயிக்கிற பேச்சுகளில் ஒரு மரணமோ நோயோ பிரிவோ வருவதைப் பார்த்துவிட்டு, வலி இல்லாமல் பேச்சு இல்லை என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிளப் என்பது பேசப் பழகும் இடம், சிகிச்சை அறை இல்லை. என் அறையில் ஒருவர் அழுதால் அவருக்கு நேரம் கொடுப்பேன், வெளியே போகும்போது ஓரளவு சமநிலையோடுதான் அனுப்புவேன், அங்கே சொன்னது அந்த அறையைத் தாண்டாது. கிளப்பில் ஆறாவது நிமிடம் சிவப்பு அட்டை காட்டுவார்கள், கைதட்டுவார்கள், அடுத்த பேச்சாளரை அழைப்பார்கள். வருகிறவர்களில் விருந்தினர்கள் இருப்பார்கள், யாராவது செல்போனில் வீடியோ எடுப்பார்கள், உங்கள் கம்பெனிக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

ஆகவே ஒரு அனுபவத்தை மேடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். இதை நம்பிக்கையான ஒருவரிடம் முழுதாகச் சொல்லி முடித்த பிறகு நான் வழக்கம்போல இருந்தேனா, இல்லை இரண்டு நாள் அதிலேயே மூழ்கிக் கிடந்தேனா? மூழ்கினால் அது இன்னும் ஆறவில்லை, மேடைக்கு வேண்டாம். இது என் கதை மட்டுமா, அம்மாவுடையதும் தங்கையுடையதுமா? அப்பாவின் குடியைப் பற்றி நீங்கள் பேசினால் அம்மா பட்டதையும் சேர்த்துத்தான் பேசுகிறீர்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மேனேஜர் இதைக் கேட்டால் எனக்குச் சங்கடமா? சங்கடம் என்றால் வேண்டாம். என்றாவது ஒரு நாள் இந்த மூன்றுக்கும் பதில் தெளிவாக வந்தால், அப்போதும் பேசலாம் என்று தோன்றினால், தாராளமாகப் பேசுங்கள். குடிகார அப்பாவின் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கு அது துணையாக இருக்கும். ஆனால் அதைச் சொல்லித்தான் கிளப்பில் இடம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்த நினைவுகள் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தால் அதை ஒரு ஆலோசகரிடம் தனியாகப் பேசுங்கள்.

அப்படியானால் என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிற ஒருவரிடம் கதை இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். காஸ்டிங் வர வேண்டிய நாளில் வராமல், அசெம்பிளி லைன் நின்று, புரொடக்‌ஷன்காரர் உங்கள் மேஜை முன்னால் வந்து நின்ற ஒரு காலைப் பொழுது இருந்திருக்கும். ஃபவுண்டரிக்காரரிடம் போனில் கெஞ்சியிருப்பீர்கள், அப்புறம் நேரிலேயே போயிருப்பீர்கள், அங்கே போனால் அவருக்கு அவர் பிரச்சினை, கரண்ட் இல்லை, ஆள் இல்லை. தாமிர விலை ஏறிய வாரத்தில் பழைய ரேட்டுக்கே காயில் வயர் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். முதன்முதலாக ஒரு சப்ளையரிடம் "முடியாது" என்று சொன்ன நாள் ஒன்று இருக்கும். உடுமலையிலிருந்து முதல் தடவை கோவைக்கு வேலைக்கு பஸ் ஏறிய நாள் இருக்கும். இதில் ஒன்றை எடுங்கள், ஒன்றே போதும். பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது என்று பயோடேட்டா மாதிரி ஐஸ் பிரேக்கர் பேசுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன், உட்கார்ந்த அடுத்த நிமிடம் அதில் எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஒரே ஒரு காலைப் பொழுதைச் சொன்னவர்கள் மட்டும் பல வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறார்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். இந்த வாரமே, யார் எப்போது பேசுவது என்பதைக் கவனிக்கும் உங்கள் கிளப்பின் வி.பி. எஜுகேஷனுக்கு ஒரு மெசேஜ் போட்டு, அடுத்த இரண்டு கூட்டத்துக்குள் ஒரு பேச்சு வாய்ப்பு கேளுங்கள். அதற்கு மேல் தள்ள வேண்டாம், தள்ளத் தள்ளப் பயம் வளர்கிறது. ஐஸ் பிரேக்கரையே இன்னொரு முறை பேச வேண்டும் என்று சொன்னால் விடுவார்கள். அதற்கு முன்னால் வரும் கூட்டத்தில் டேபிள் டாபிக்ஸுக்குக் கை தூக்குங்கள். ஒரு கேள்வி, ஒன்று இரண்டு நிமிடப் பதில், தயாரிப்பே கிடையாது என்பதால் மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றால் "இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது..." என்று தொடங்கி ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் போய்விடுங்கள், ஒரு நிமிடம் ஓடிவிடும்.

பேச்சு நாளில் கொஞ்சம் சீக்கிரம் போய், காலி அறையில், பேசுகிறவர் நிற்கும் மேசையான லெக்டர்ன் பக்கத்தில் நின்று பாருங்கள். நாற்காலி போட உதவுங்கள், வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு சின்ன அட்டையில் ஐந்தாறு சொற்கள் மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோனால் நின்று, அட்டையைப் பார்த்து, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னொரு தரம் சொல்லித் தொடருங்கள், கேட்கிறவர்கள் அதை அழுத்தம் கொடுப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். படபடப்பை அடக்க முயலாதீர்கள். ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று தனக்குள் சொன்னவர்களை விட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். உடம்பு ஏற்கனவே வேகமாக ஓடுகிறது, அதை நிறுத்தப் பார்ப்பதை விட அந்த வேகத்தைப் பயன்படுத்துவது சுலபம்.

டைமருக்குப் பதிலாக நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு ஒன்று இருக்கிறது, எவால்யுவேட்டர். இரண்டு மூன்று பேச்சுக்குப் பிறகு எடுங்கள். நான் இத்தனை வருடமும் கிளப்பில் தொடர்வதற்கு மேடையை விட இதுதான் காரணம். ஒருவர் ஏழு நிமிடம் பேசுகிறார், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், பதில் தயார் செய்யாமல், அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை மட்டும் கேட்க வேண்டும். அப்புறம் அவரையே பார்த்து, அவர் அடுத்த தடவையும் பேச வர வேண்டும் என்ற அக்கறையோடு, உண்மையைச் சொல்ல வேண்டும். என் தொழிலுக்கே இது கை கொடுத்திருக்கிறது. அடி வாங்கிய உங்களுக்கு இது இன்னும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன், ஒரு புதியவரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்குத்தானே தெரியும். கிளப்பில் நமக்கு ஒரு இடம் இருக்கிறது என்ற உணர்வும் எனக்கு வந்தது அப்போதுதான். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஜவுளிக்கடைக்காரர் என்று ஒரு நாளும் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாதவர்களின் பேச்சு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறபோது, அவர்கள் ஜெயிப்பதும் தடுமாறுவதும் நம்முடையதாகிவிடுகிறது.

இவ்வளவும் செய்து, மூன்று நாலு பேச்சுக்குப் பிறகும் அந்தக் கிளப்பில் புதியவர்களைப் பார்த்துச் சிரித்து மட்டம் தட்டுகிற வழக்கம்தான் இருக்கிறது, எவால்யுவேஷன் என்றால் குற்றப் பட்டியல்தான் என்று தெரிந்தால், கிளப்பை மாற்றுங்கள். கோவையில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் விருந்தினராகப் போய்ப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்றில் உட்கார்ந்து பாருங்கள். பேச்சு சொதப்பியவரிடம் டீ இடைவேளையில் யார் போய்ப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள், யாருமே போகவில்லை என்றால் அங்கே சேர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் மட்டும் இல்லாமல், நாலு பேர் முன்னால் சாப்பிட, போனில் பேச, கடையில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கக்கூட இதே பயம் வருகிறது, அதனால் வேலையிலும் வீட்டிலும் பலவற்றைத் தவிர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், அது வெறும் மேடைக் கூச்சம் இல்லை, சமூகப் பதற்றம் என்கிற பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ போங்கள், கிளப்பைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். திக்குவாய் இருந்தால் பேச்சுப் பயிற்சி மருத்துவர்.

ரிவ்யூ மீட்டிங்குக்காகத்தானே கிளப்பில் சேர்ந்தீர்கள், கிளப் பேச்சு சரியாகும் வரை அங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த மீட்டிங்கில் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள், "இந்த டெலிவரி தேதி உறுதியா சார்?" என்ற அளவில் இருந்தாலும் சரி. முதல் குரல் சீக்கிரம் வெளியே வந்துவிட்டால் மீதி நேரம் அதற்காகக் காத்திருந்து பதற வேண்டாம். பேச்சு முடிந்ததும் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள், எந்தச் சம்பவத்தை எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.